பள்ளிக்கூடத்தைப் பாடமாகப் படிப்பது

‘டிகிரியில் என்ன மேஜர்?’ என்று கேட்காத உறவினர் இல்லை. மேஜரோடு சேர்த்துப் படிக்கிற துணைப்பாடம் எது என்று கேட்பவர்கள் குறைவு. மதிப்பெண் பட்டியலில் அது ஒரு வரி, அவ்வளவுதான் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஆனால் நல்ல துணைப்பாடம் ஒன்று அமைந்தால், மேஜரில் கற்றதை எங்கே, யாருக்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதே மாறிவிடும்.

அப்படிப்பட்ட துணைப்பாடங்களில் ஒன்று கல்வியியல். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், வரலாறோ கணிதமோ உயிரியலோ மேஜராகப் படிக்கும் மாணவர்கள் கல்வியியலைத் துணைப்பாடமாக எடுக்கிறார்கள். அதிலும் நகர்ப்புறப் பள்ளிகளை மட்டும் மையமாக வைத்துப் படிக்கும் பிரிவு தனியாக உண்டு. அங்கே ‘அர்பன் எஜுகேஷன் மைனர்’ என்பார்கள். அது என்ன, பி.எட்.டிலிருந்து எப்படி வேறுபடுகிறது, தாமிரபரணிக் கரையில் விக்கிரமசிங்கபுரம் (வி.கே.புரம்) மாதிரியான ஊரில் இருக்கும் மாணவருக்கு அதனால் என்ன பயன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பி.எட். வேறு, இது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். கல்வியியலைத் துணைப்பாடமாகப் படித்தால் ஆசிரியர் ஆகிவிட முடியாது. ஆசிரியர் வேலைக்கான பாதையைச் சட்டம் தனியாக வகுத்திருக்கிறது.

1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்க இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு வேண்டும். +2 முடித்தவர்கள் இதில் சேரலாம். நெல்லை மாவட்டத்துக்கான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் முனைஞ்சிப்பட்டியில் இருக்கிறது. மேல் வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பும் பி.எட்.டும் வேண்டும். ஓராண்டாக இருந்த பி.எட்., 2015 முதல் இரண்டாண்டு ஆனது. பி.எட். முடித்தவர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்குத் தகுதியானவர்கள் அல்லர் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றுக்கு மேல் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. முதல் தாள் 1 முதல் 5 வரை, இரண்டாம் தாள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு.

பி.எட். ஒருவரை ஆசிரியராகத் தயார் செய்கிறது. பாடக்குறிப்பு எழுதுவது, கரும்பலகையைப் பயன்படுத்துவது, வினாத்தாள் அமைப்பது, வகுப்பை நடத்துவது எல்லாம் அதன் வேலை. கல்வியியல் துணைப்பாடத்தின் வேலை அதற்கு முந்தையது. பள்ளிக்கூடம் என்ற அமைப்பு எப்படி உண்டானது, யார் பணத்தில் நடக்கிறது, யாரைச் சேர்த்துக்கொள்கிறது, யாரை நழுவவிடுகிறது, ஒரே தெருவில் வளரும் இரண்டு பிள்ளைகளுக்கு ஏன் இரண்டு விதமான கல்வி கிடைக்கிறது என்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு விடை தேடக் கற்றுக்கொடுக்கிறது. இதைப் படித்துவிட்டுப் பி.எட்.டுக்குப் போகிறவர் நல்ல அடித்தளத்தோடு போகிறார். போகாதவருக்கும் படிப்பு வீணில்லை. பெற்றோராக, வார்டு உறுப்பினராக, பத்திரிகையாளராக, வரி கட்டும் குடிமகனாக வாழ்நாள் முழுவதும் அது உதவும்.

இரண்டையும் இணைத்த முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகம் 1994இல் பி.எல்.எட். என்ற நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. ஆசிரியர் பயிற்சியோடு சமூகவியல், உளவியல், மொழி, இந்தியச் சமூகம் எல்லாவற்றையும் நான்கு ஆண்டுகளுக்குப் பரப்பி, மாணவர்களைத் தொடர்ந்து பள்ளிகளுக்கு அனுப்பிய படிப்பு அது. பள்ளியைப் புரிந்துகொள்ளாமல் பாடம் நடத்தப் பழகினால் போதாது என்ற எண்ணமே அதன் அடிப்படை.

நகர்ப்புறப் பள்ளி என்று தனியாக ஏன்?

அமெரிக்காவில் இந்தப் பிரிவு தனியாக வளர்ந்ததற்குக் காரணம் பணம். அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வசதியானவர்கள் நகரை விட்டுப் புறநகருக்குக் குடிபோனால், நகரத்துப் பள்ளிக்கு வரும் பணம் குறையும். எஞ்சுவது ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகள். நிறத்தின் அடிப்படையில் பள்ளிகளைப் பிரிக்கக் கூடாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், குடியிருக்கும் இடமே பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. 1966இல் வந்த கோல்மன் அறிக்கை, பிள்ளைகளின் தேர்ச்சியில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே அதிகப் பங்கு இருக்கிறது என்று சொல்லிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நகரத்துப் பள்ளியைத் தனியாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பின்னணியில் வலுப்பெற்றது.

நம் நிலைமை வேறு. அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஏழைகள் வாழும் வார்டு என்பதற்காக அங்குள்ள ஆசிரியருக்குச் சம்பளம் குறைவதில்லை. நகராட்சி வசூலிக்கும் சொத்து வரியில் கல்வி வரி, நூலக வரி என்று பங்குகள் இருந்தாலும் பள்ளியின் உயிர்நாடி அதில் இல்லை. அப்படியிருந்தும் ஊரகம், நகரம் என்ற பிரிவு நம் பிள்ளைகளையும் தொடுகிறது. அதற்கு ஒரு சான்று காலை உணவுத் திட்டம்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26இல்தான் வந்து சேர்ந்தது. விக்கிரமசிங்கபுரம் நகராட்சி. அதன் எல்லைக்குள் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளை, பக்கத்து ஊராட்சியில் அதே மாதிரிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைவிட ஓராண்டுக்கு மேல் தாமதமாகத்தான் காலையில் உப்புமாவோ கிச்சடியோ சாப்பிட்டது. இரண்டு வீட்டிலும் வருமானம் ஒன்றாக இருக்கலாம், பசியும் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபட்டது ஊரின் நிர்வாகத் தகுதி மட்டுமே. திட்டம் மிக நல்ல திட்டம். அது எந்த வரிசையில், யாரை முதலில் சென்றடைந்தது என்று கேட்பதுதான் கல்வியியல்.

ஓர் ஊர், பல பலகைகள்

நகர்ப்புறப் பள்ளி என்றால் நம் மனதில் வருவது சென்னை, வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை. சென்னைக்கு இந்தத் துறையில் பெரிய வரலாறு உண்டு. நீதிக்கட்சியின் காலத்தில், 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு நாடறிந்த செய்தி. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சென்னையிலும் கோவையிலும் இல்லை. பலர் வி.கே.புரம் மாதிரியான நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் இருக்கிறார்கள். இந்தச் சின்ன நகரங்களின் பள்ளிகளைப் பற்றிப் படித்தவர்கள்தான் குறைவு.

விக்கிரமசிங்கபுரத்தைப் பாருங்கள். பொதிகை மலையடிவாரம், நடுவே தாமிரபரணி, சுற்றிலும் கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் வயல்கள். சிவஞான முனிவர் பிறந்த ஊர். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்விசையை நம்பி இங்கே நூற்பாலை அமைத்தார்கள். பின்னாளில் அது மதுரா மில்ஸ், அதன்பின் மதுரா கோட்ஸ் ஆனது. ஆலைச் சங்கு ஊரின் கடிகாரமானது. ஷிப்டு வேலையைத் தேடி வந்த குடும்பங்களால் ஊர் பெருத்தது. வயலுக்கு நடுவே நகரம் உண்டான கதை இது.

ஊர் மாறமாறப் பள்ளியும் மாறியது. முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம். பிறகு மிஷன் பள்ளிகள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் நெல்லைச் சீமையில் பள்ளிகளைப் பரப்பி, உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அந்த வழியில் வந்த மிஷன் தொடக்கப்பள்ளிகள் மாவட்டமெங்கும் உண்டு. ஆலை வந்த பிறகு தொழிலாளர் பிள்ளைகளுக்கான பள்ளி. பாபநாசம் லேபர் வெல்ஃபேர் அசோசியேஷன் பெயரைத் தாங்கிய பி.எல்.டபிள்யூ.ஏ. மேல்நிலைப்பள்ளி அந்த வரலாற்றுக்குச் சாட்சி. பிறகு பாபநாசத்தில் திருவள்ளுவர் கல்லூரி. அதன்பின் மெட்ரிக் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும். ஆலை ஊரின் கல்வி என்று ஆய்வேடு எழுத விரும்பும் மாணவருக்கு வேறு ஊர் தேவையில்லை.

துணைப்பாடத்தின் முதல் வேலையாக இதைச் செய்யலாம்: உங்கள் ஊரில் உள்ள எல்லாப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அரசு, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஆதிதிராவிடர் நலம், டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டல அறக்கட்டளை), ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க), சமுதாய அறக்கட்டளை, மெட்ரிகுலேஷன் என்று பலகைகள் பலவிதம். ஊர் நகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகும் பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி’ என்றே நிற்கும் பள்ளிகள் தமிழ்நாட்டில் நிறைய. ஒவ்வொரு பலகைக்கும் எதிரே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஆசிரியரை நியமிப்பது யார்? சம்பளம் கொடுப்பது யார்? கட்டணம் உண்டா? எந்தெந்த அரசுத் திட்டம் இங்கே வருகிறது, எது வரவில்லை?

உதவிபெறும் பள்ளியை எடுத்துக்கொண்டால், நியமிப்பது நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. இந்த ஒரு வரி புரிந்தால், அடுத்தடுத்த செய்திகள் புரியும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கு அது 2024 டிசம்பர் இறுதியில்தான் விரிவானது. உதவிபெறும் பள்ளிகள் மிகுந்த நெல்லை மாவட்டத்தில் இதன் பொருள் என்ன? அரசுப் பள்ளிக்குப் போன அக்காள் மகள் பணம் வாங்கினாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிக்குப் போன தங்கை மகள் அதே வறுமையில் இரண்டாண்டு காத்திருந்தாள். பலகையைப் படிக்கத் தெரிந்தவருக்கே இந்த வேறுபாடு கண்ணில் படும்.

என்னென்ன படிப்பீர்கள்?

கல்வியியல் துணைப்பாடம் எங்கே நடந்தாலும் அதன் கூறுகள் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றை வி.கே.புரத்தோடு பொருத்திப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதலாவது கல்வியின் வரலாறும் சட்டமும். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதன் மையம். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, தொடக்கப்பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் பள்ளி, தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடம் என்று பல உறுதிகளை அது தருகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதி உறுப்பினர்கள் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டமே. பீடி சுற்றும் தாய் தலைமையாசிரியருக்குச் சமமாக உட்கார்ந்து பள்ளியின் கழிவறையைப் பற்றிக் கேள்வி கேட்க வழிசெய்த சட்டம் அது. அந்த உரிமை தனக்கு உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பது நீங்கள் போய் விசாரித்து அறிய வேண்டியது.

இரண்டாவது கல்வியின் சமூகவியல். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பீடி இல்லாத தெரு அரிது. கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையை அளவாக வெட்டிச் சுருட்டி, நூல் கட்டி, கட்டுக்கட்டாக அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோகும் வேலை பெண்களுடையது. குழந்தைகள் இதைச் செய்யச் சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் +1 படிக்கும் மகளிடம், ‘ஏட்டி, இந்த ஒரு கட்டுக்கு மட்டும் நூல் போட்டுட்டுப் படிக்கப் போ’ என்று அம்மா சொல்வது வேறு விஷயம். நாளைக்குக் கணக்கு முடிக்க எண்ணிக்கை குறைகிறது என்ற பதற்றம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்த மகளின் வீட்டுப்பாடம் ஏன் முடியவில்லை என்பதற்கான விடை அவளுடைய சோம்பலில் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டமும் ஊராட்சிகளுக்கானதாகவே இருந்து வந்ததால், நகராட்சிக்குள் வாழும் கூலிக் குடும்பத்துக்குப் பீடியை விட்டால் வேறு வேலை கிடைப்பது கடினம். ஒரு மாணவியின் தேர்ச்சிக்குப் பின்னால் ஓர் ஊரின் பொருளாதாரமே நிற்கிறது என்பதைச் சமூகவியல் காட்டுகிறது.

மூன்றாவது இடப்பெயர்வும் பள்ளியும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் பாம்பே பர்மா நிறுவனம் நடத்திய மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில், 2024இல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறும்படி கேட்கப்பட்டார்கள். தலைமுறைகளாக மலையில் இருந்த குடும்பங்கள் பல சமவெளிக்கு இறங்கின. அவர்களின் பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழோடு புதிய ஊரின் புதிய பள்ளிக்குள் நுழைந்தால் என்ன நேரும்? சேர்க்கை எளிதாகக் கிடைத்ததா? பஸ் பாஸ் கிடைத்ததா? விட்டுப்போன பாடத்தை யார் எடுத்தார்கள்? காரையாறு பக்கத்துக் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகளைப் பற்றியும் இதே மாதிரிக் கேட்கலாம். மேல்படிப்புக்காக மலையிலிருந்து இறங்கி, வீட்டை விட்டுத் தங்கிப் படிப்பதில் எதை இழக்கிறார்கள், எதைப் பெறுகிறார்கள்? நகர்ப்புறக் கல்வியியலின் முக்கியக் கேள்விகள் இவை. சிகாகோவிலும் லண்டனிலும் குடியேறிகளின் பிள்ளைகளை முன்வைத்துக் கேட்கப்படுபவையும் இவையே.

நான்காவது குழந்தை எப்படிக் கற்கிறது என்ற உளவியலும் மொழியும். வீட்டில் பேசும் நெல்லைத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள இடைவெளியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கடக்கிறது, ஆங்கிலவழியில் சேர்த்த பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறது என்பவை இதில் வரும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய வந்தது. கொரோனாக் காலத்தில் மூடிய பள்ளிகள் ஏற்படுத்திய இழப்பு அதன் பின்னணி.

வகுப்பின் கடைசி பெஞ்சில்

இந்தப் படிப்பின் உயிர் நேரில் போய்ப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அதற்கு முறை உண்டு.

தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் 40 நிமிடப் பாடவேளை முழுவதும் உட்காருங்கள். ஒரு தாளில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடங்களைக் கட்டங்களாக வரையுங்கள். பெயர் வேண்டாம். ஆசிரியர் ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்கும்போது அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, பிள்ளை தானாகக் கை தூக்கினால் ஒரு புள்ளி. பாடவேளை முடிந்ததும் தாளைப் பாருங்கள். கோடுகள் எங்கே குவிந்திருக்கின்றன, எந்த மூலை வெறுமையாக இருக்கிறது, ஆண்பிள்ளைகள் பக்கம் எத்தனை, பெண்பிள்ளைகள் பக்கம் எத்தனை என்று தாளே சொல்லும். தினமும் அந்த வகுப்பை நடத்தும் நல்ல ஆசிரியருக்குக்கூட இது தெரியாமல் இருக்கலாம். 40 பிள்ளைகளைச் சமாளித்துக்கொண்டு பாடமும் எடுப்பவருக்கு எண்ணிப் பார்க்க நேரம் ஏது?

குறிப்பு எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். ‘ஆசிரியர் கோபமாக இருந்தார்’ என்பது உங்கள் தீர்ப்பு. ‘“ஏன் எழுதலை?” என்று மூன்று முறை கேட்டார்’ என்பது நடந்தது. முதலில் நடந்ததை எழுதுங்கள். தீர்ப்புக்கு அவசரம் வேண்டாம்.

அடுத்தது வருகைப்பதிவேடு. ஒரு முழு ஆண்டின் வருகையை மாதவாரியாக எண்ணினால் ஊரின் வாழ்க்கையே அதில் தெரியும். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கும் நாட்களில் வருகை சரியும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தபோது மாவட்டத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தன. இவை எல்லாப் பிள்ளைகளையும் தொடுபவை. இவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு சில பிள்ளைகள் மட்டும் ஒரே கிழமையில், ஒரே பருவத்தில் வராமல் இருப்பது தெரியும். படிப்பை நிறுத்தப்போகும் பிள்ளை அதற்குப் பல மாதங்கள் முன்பே பதிவேட்டில் அடையாளம் காட்டிவிடும். அதைக் கண்டுபிடித்து வகுப்பாசிரியரிடம் சொல்ல முடிந்தால், அந்த ஆண்டு நீங்கள் எழுதிய எந்தத் தேர்வைவிடவும் அது பெரிய வேலை.

நம் கல்லூரியில் எப்படிப் படிப்பது?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் இளநிலைப் படிப்பில் மேஜர், மைனர் என்ற அமைப்பை வகுத்தது. மூன்றாண்டுப் படிப்பில் மைனருக்கு 24 கிரெடிட், நான்காண்டுப் படிப்பில் 32. ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு என்று கொண்டால், 24 கிரெடிட் 360 மணி நேரம். கல்வியியல் மாதிரியான துறைக்கு அது போதுமான நேரம்.

அந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. நம் கல்லூரிகளில் பழகிய அமைப்பு ஐந்து பகுதிகள் கொண்டது. தமிழ், ஆங்கிலம், மேஜரும் அதைச் சார்ந்த துணைப்பாடங்களும், பிற துறை விருப்பப்பாடமும் திறன் பாடங்களும், கடைசியாக நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி. துணைப்பாடம் பெரும்பாலும் மேஜருக்கு ஒட்டியதாகவே அமைகிறது. வேதியியலுக்கு இயற்பியல், பொருளியலுக்குப் புள்ளியியல் என்பது போல. கல்வியியலைத் துணைப்பாடமாகத் தரும் கலை அறிவியல் கல்லூரியைக் காண்பது கடினம்.

ஆனாலும் விரும்பும் மாணவர் இருப்பதை வைத்துக் கட்டிக்கொள்ள முடியும். பிற துறை விருப்பப்பாடத்தில் உளவியல், சமூகவியல், மனித உரிமை போன்றவை இருந்தால் அவற்றை எடுக்கலாம். ஸ்வயம் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் கல்வியியல் பாடங்கள் உண்டு. அவற்றின் கிரெடிட்டைக் கல்லூரி ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அந்த மணி நேரத்தில் ஒரு பகுதியைப் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் வாசிப்புக்குச் செலவிடத் திட்ட அலுவலரிடம் கேட்கலாம். இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்கு ஊரின் பள்ளியையே எடுக்கலாம். வரலாற்று மாணவர் ஆலைப் பள்ளியின் வரலாற்றை எழுதலாம். புள்ளியியல் மாணவர் வருகைப்பதிவேட்டை ஆராயலாம். தமிழ் மாணவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பேச்சுத் தமிழைப் பதிவு செய்யலாம்.

கல்லூரிப் பிள்ளைகளால் இது முடியுமா என்ற ஐயத்துக்கு இல்லம் தேடிக் கல்வி விடை சொல்லியிருக்கிறது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், +2 முடித்தவர்கள் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும், பட்டம் பெற்றவர்கள் அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கும் மாலை நேரத்தில் தெருவிலேயே கற்பித்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் செய்ததைப் படிப்பாகவும் கிரெடிட்டாகவும் மாற்றும் வேலை மட்டும் மீதியிருக்கிறது.

படிக்கத் தமிழிலேயே நல்ல நூல்கள் உண்டு. ஜப்பானியச் சிறுமியின் பள்ளிக்கூட அனுபவமான ‘டோட்டோ சான்’, குஜராத்தி ஆசிரியர் ஜிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’, ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’ ஆகிய மூன்றிலிருந்து தொடங்கலாம்.

பிறகு என்ன செய்யலாம்?

பி.எட். போகலாம். கல்வியியலில் எம்.ஏ. படிக்கலாம். பெங்களூர் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எந்தப் பட்டம் பெற்றவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பாடநூல், குழந்தை இலக்கியம், கல்வித் தொண்டு நிறுவனங்கள், கல்விச் செய்தியாளர் பணி, அரசின் கல்வித் திட்டங்களில் களப்பணி என்று வழிகள் உண்டு. இவற்றில் சம்பளம் தொடக்கத்தில் பெரிதாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் பல்கலைக்கழகத்துக்கே இதில் ஒரு முன்னோடி உண்டு. 1992 முதல் 1998 வரை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வே. வசந்தி தேவி, அதன் பிறகு பல ஆண்டுகள் பொதுப்பள்ளிகளுக்காகவும், பெற்றோர் பங்கேற்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்காகவும் உழைத்தார். உயர்கல்வியின் உச்சியில் இருந்தவர் ஒன்றாம் வகுப்பைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதை நம் கல்லூரிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

செய்யக் கூடாதவை

பிள்ளைகளின் பெயர், படம், வீட்டு நிலைமை எதையும் வெளியிடாதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் கூடாது. அனுமதி இல்லாமல் வகுப்பறைக்குள் போகாதீர்கள். காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடத்துக்கு மாணவர் தன்னார்வலர் மாற்று அல்லர். அப்படிப் பயன்படுத்த முனைந்தால் மறுத்துவிடுங்கள், அந்தப் பணியிடத்தை நிரப்பச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட உதவுங்கள். எல்லாவற்றையும்விட, ஏழைப் பள்ளியைக் காப்பாற்ற வந்தவராக உங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பள்ளியும் அதன் ஆசிரியர்களும் உங்களுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள். நீங்கள் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்.

கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெல்லைச் சீமையில் பள்ளிகளுக்கு 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்தப் பள்ளிகளில் படித்து வந்த பிள்ளைகள்தான் உங்கள் வகுப்புகளை நிரப்புகிறார்கள். அவர்கள் தங்கள் பள்ளியைத் திரும்பிப் பார்த்துப் படிக்க, பிற துறை விருப்பப்பாடமாக இரண்டு பருவத்துக்கு ஒரு தாளை வையுங்கள். அதற்குப் புதிய கட்டடமோ ஆய்வகமோ வேண்டாம். மாணவர்களே, அந்தத் தாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு நோட்டை வாங்கி, உங்கள் தெருப் பள்ளியின் பலகையில் எழுதியிருப்பதிலிருந்து தொடங்குங்கள்.